பாதி ரத்தக் குழாயோடு ஓடிய இதயம்: யார் இந்த 'பிஸ்டல்' பீட் மாராவிச்?

1988 ஜனவரி 5. கலிஃபோர்னியாவின் பாசடேனா நகரில், ஒரு தேவாலயத்தின் ஜிம்மில் சிலர் ஜாலியாக பாஸ்கெட்பால் ஆடிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் திடீரெனச் சரிந்து விழுந்தார். உயிர் பிழைக்கவில்லை. அவர் பீட் மாராவிச், வயது 40. பிரேதப் பரிசோதனை முடிவுதான் எல்லோரையும் உலுக்கியது. அவர் இதயத்தில் இடது கரோனரி ரத்தக் குழாயே இல்லை. பிறவியிலேயே இல்லை!

அப்பாதான் கோச்

1947-ல் பென்சில்வேனியாவில் பிறந்தவர் பீட். அப்பா பிரெஸ் மாராவிச் பாஸ்கெட்பால் பயிற்சியாளர். சின்ன வயதிலிருந்தே பந்தும் கையுமாக வளர்ந்தார். இடுப்புப் பக்கமிருந்து துப்பாக்கி சுடுவதுபோல பந்தை வீசியதால் 'பிஸ்டல்' என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது.

அசராத ரெக்கார்டு

லூசியானா மாநிலப் பல்கலைக்கழக அணிக்கு அப்பாவே கோச். அங்கே மூன்றே சீசன்களில், 83 ஆட்டங்களில் 3,667 புள்ளிகள். சராசரி 44.2! இத்தனைக்கும் அப்போது மூன்று புள்ளிக் கோடே கிடையாது. முதலாம் ஆண்டு மாணவர்கள் மெயின் அணியில் ஆடவும் முடியாது. அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் பாஸ்கெட்பாலின் உயர்மட்டப் பிரிவில் இந்த ரெக்கார்டை இன்னும் யாரும் தொடவில்லை.

1970-ல் என்பிஏ. அட்லாண்டா, நியூ ஆர்லியன்ஸ் எனப் பயணம். 1977 பிப்ரவரியில் நியூயார்க் நிக்ஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 68 புள்ளிகள். அடுத்த ஆண்டு முழங்காலில் காயம். 1980-ல் ஓய்வு. 1987-ல் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவம். அதே ஆண்டு அப்பாவைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார்.

இத்தனை நாள் எப்படித் தாங்கியது?

இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோவது இரண்டு முக்கியக் கரோனரி குழாய்கள். இடது குழாய்க்குத்தான் பொதுவாக வேலை அதிகம். பீட்டுக்கு அது இல்லாததால், வலது குழாயே வழக்கத்தைவிடப் பெரிதாகி மொத்த பாரத்தையும் சுமந்தது. பத்து வருட என்பிஏ ஆட்டத்தையும் அது தாங்கியதுதான் ஆச்சரியம்.

நமக்கு என்ன?

இதுபோன்ற பிறவிக் குறைகள் அரிதானவை. சிலருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. சும்மா படுத்திருக்கும்போது எடுக்கும் இசிஜி நார்மலாகவே வரலாம். எக்கோ, சிடி ஆஞ்சியோ போன்ற பரிசோதனைகளில்தான் பல நேரம் பிடிபடும். அதனால், ஃபிட்டாகத்தானே இருக்கிறோம் என்று அசட்டையாக விடக் கூடாத விஷயங்கள் மூன்று: ஓடும்போதோ ஜிம்மிலோ வரும் நெஞ்சுவலி, உடற்பயிற்சியின் நடுவே மயக்கம், குடும்பத்தில் இளம் வயதுத் திடீர் மரணம். இதில் ஒன்று இருந்தாலும் இதய டாக்டரைப் பார்த்துவிடுங்க. அடுத்த ஒர்க்அவுட் அப்புறம்தான்.