தன் இலையும் பிறர் பசியும்

நுழையும்முன்

எதை உண்பது, எதை விலக்குவது, எவ்வளவு உண்பது என்பவற்றை ஒவ்வொருவரும் நாள்தோறும் முடிவு செய்கிறோம். உணவில் உறுதியான கொள்கை உடைய ஒருவர், அக்கொள்கை இல்லாத மற்றொருவர் பசியோடு வந்து நிற்கும்போது என்ன செய்ய வேண்டும்? பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழகத்தில் இவ்வினாவைத் தம் வாழ்வில் எதிர்கொண்டு விடை கண்டவர் வள்ளலார் என்று போற்றப்படும் இராமலிங்க அடிகளார். அவரது வாழ்க்கையை உணவின் வழியே காண்போம்.

கொல்லைப்புற வழியே வந்த உணவு

சிதம்பரத்திற்கு அருகிலுள்ள மருதூரில் 1823ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் இராமலிங்கர் பிறந்தார். தந்தை இராமையா ஊர்க்கணக்கராகவும் ஆசிரியராகவும் இருந்தவர், தாய் சின்னம்மையார். குழந்தை பிறந்த சில மாதங்களிலேயே தந்தை மறைந்தார். ஐந்து பிள்ளைகளோடு தனித்து நின்ற தாய், தாம் பிறந்த ஊராகிய பொன்னேரியை அடுத்த சின்னக்காவணத்திற்குச் சென்றார். பின்னர்ச் சென்னை ஏழுகிணற்றுப் பகுதியில் குடியேறினார்.

மூத்த அண்ணன் சபாபதி புராணச் சொற்பொழிவு செய்து ஈட்டிய வருவாயில் குடும்பம் நடந்தது. தம்பியைக் கல்வியில் தேர்ந்தவனாக்க அவர் விரும்பினார். தம்பியோ பள்ளிப் பாடத்தில் மனம் செலுத்தாமல் கந்தகோட்டத்து முருகன் திருமுன்னில் பாடிக்கொண்டிருந்தார். சினமுற்ற அண்ணன், தம்பிக்கு வீட்டில் உணவளிக்கக் கூடாது எனக் கட்டளையிட்டார். கணவரின் சொல்லை மீறவும் முடியாமல், சிறுவனைப் பட்டினி கிடக்கவிடவும் மனமில்லாமல் அண்ணியார் தவித்தார். கணவர் வீட்டில் இல்லாத நேரத்தில் கொல்லைப்புறமாக வரச்செய்து அவர் சிறுவனுக்குச் சோறிட்டார் என்பது வழிவழியாக வழங்கிவரும் செய்தி.

ஒருமுறை தந்தையின் நினைவுநாள் வந்தது. வீட்டில் பலருக்கும் விருந்து நடந்தது. அவ்வீட்டுப் பிள்ளை மட்டும் எல்லாரும் உண்டு சென்றபின் மறைவாக வந்து உண்டார். அதைக் கண்ட அண்ணியார் கண்ணீர் விட்டு அழுதார். அக்கண்ணீருக்காகவே இராமலிங்கர் வீட்டிலிருந்து படிக்க ஒப்புக்கொண்டார். மாடியில் தனியறை பெற்றுத் தமக்குத்தாமே கற்றார். உணவு மறுக்கப்படுவதன் வலியையும், சட்டத்தை மீறி இடப்பட்ட ஒரு பிடி சோற்றின் அன்பையும் அவர் சிறு வயதிலேயே அறிந்துகொண்டார்.

தெருவில் கண்ட பசி

இளமைக் காலம் முழுவதும் அடிகளார் நடந்துகொண்டே இருந்தார். ஏழுகிணற்றிலிருந்து திருவொற்றியூருக்குப் பல ஆண்டுகள் நடந்து சென்று வழிபட்டார். சென்னைக்கு மேற்கே உள்ள திருமுல்லைவாயிலுக்கும் சென்று, மாசிலாமணீசரைப் போற்றிப் பதிகம் பாடினார். இன்று ஆவடி, அம்பத்தூர், வெள்ளானூர் எனத் தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் நெருங்கிய புறநகராக விளங்கும் அப்பகுதி, அந்நாளில் ஏரி நீரை நம்பி நெல் விளைத்த சிற்றூர்களின் தொகுதியாக இருந்தது. மழை பொய்த்தால் ஏரி வற்றும். ஏரி வற்றினால் உழுதவன் வீட்டிலேயே அடுப்பு எரியாது. நகரத்திலோ வேலை தேடி வந்தவர்கள் தெருத் திண்ணைகளில் பசியோடு படுத்துறங்கினர்.

திருவொற்றியூரிலிருந்து ஓரிரவு தாமதமாகத் திரும்பிய அடிகளார், உறங்குவோரை எழுப்ப விரும்பாமல் தாமும் திண்ணையில் பசியோடு படுத்துவிட்டார் என்றும், வடிவுடையம்மையே அண்ணியின் வடிவில் வந்து உணவளித்தார் என்றும் அடியவர்கள் கூறுவர். பசித்தவனுக்கு உணவோடு வருபவர் தெய்வமாகவே தோன்றுவார் என்னும் கருத்து, பின்னாளில் அவர் எழுதிய உரைநடையின் அடித்தளமாக அமைந்தது.

1850ஆம் ஆண்டளவில் உறவினரின் வற்புறுத்தலால் அவருக்குத் திருமணம் நடந்தது. எனினும் இல்வாழ்வில் அவர் உள்ளம் பொருந்தவில்லை. 1858ஆம் ஆண்டளவில் சென்னையை விட்டு நீங்கித் தில்லைப் பகுதிக்குச் சென்றார். வடலூருக்கு அருகிலுள்ள கருங்குழியில் ஓர் அன்பரின் இல்லத்தில் ஏறத்தாழ ஒன்பதாண்டுகள் தங்கினார். 1865இல் சாதி, சமய வேறுபாடுகளைக் கடந்த சன்மார்க்க சங்கத்தைத் தோற்றுவித்தார்.

தமக்கு வகுத்துக்கொண்ட வரம்பு

அடிகளாரின் உணவு மிகச் சிறிது. அவருடைய மாணவரும் சென்னை மாநிலக் கல்லூரியின் தமிழ்ப் பண்டிதருமான தொழுவூர் வேலாயுத முதலியார், 1882ஆம் ஆண்டு பிரம்மஞான சபையாரிடம் அளித்த வாக்குமூலத்தில் இதைப் பதிவு செய்துள்ளார். இரண்டு மூன்று நாள்களுக்கு ஒருமுறை சில கவளம் சோறு மட்டுமே உண்பார். நோன்பிருக்கும் மாதங்களில் சிறிது சர்க்கரை கலந்த வெந்நீரே அவரது உணவாகும். மெலிந்த உடல், நிமிர்ந்த நடை, வெள்ளாடை ஆகியவை அவரது தோற்றம்.

இத்தகைய கடுமையைப் பிறர்மீது அவர் சுமத்தவில்லை. இல்லறத்தாருக்கு அவர் எழுதிய அன்றாட நெறிமுறைகள், ஒரு வீட்டு மருத்துவரின் அறிவுரை போல எளிமையும் நுட்பமும் உடையவை. கரிசலாங்கண்ணி, தூதுவளை, முசுமுசுக்கை ஆகிய இலைகளோடு சீரகம் சேர்த்த பொடியைப் பாலில் காய்ச்சிக் காலையில் பருகுமாறு கூறினார். புளியையும் மிளகாயையும் குறைத்து, மிளகையும் சீரகத்தையும் மிகுதியாகச் சேர்க்கச் சொன்னார். கடல் கடந்து வந்து சில நூற்றாண்டுகளே ஆன மிளகாயைவிட, தென்னாட்டு மலைகளில் விளையும் மிளகை அவர் விரும்பினார் என்பது கருதத்தக்கது. கிழங்குகளில் கருணைக்கிழங்கை மட்டும் ஏற்றார். வெந்நீர் பருகவும், உணவை மிகச் சூடாக உண்ணாதிருக்கவும், மிகுதியாகவோ மிகக் குறைவாகவோ உண்ணாமல் அளவறிந்து உண்ணவும் வலியுறுத்தினார். கள், சாராயம், புகையிலை ஆகியவற்றை விலக்கினார்.

எல்லாவற்றுக்கும் மேலாகப் புலாலை அவர் முற்றிலும் மறுத்தார். உயிர்கள் அனைத்தும் ஒரே உரிமை உடைய உடன்பிறப்புகள் என்று அவர் கருதியதே அதற்குக் காரணம். செடிகொடிகளுக்கும் உயிருண்டே, அவற்றை உண்பது தகுமா என்ற ஐயத்திற்கும் அவர் விடை கூறியுள்ளார். காய், கனி, தழை, விதை முதலியவற்றைக் கொள்வது நகத்தையும் உரோமத்தையும் களைவதைப் போன்றது. அதனால் அவ்வுயிர் கொலையுண்ணும் துன்பத்தை அடைவதில்லை என்பது அவரது விளக்கம். 1847ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் மரக்கறி உணவாளர் சங்கம் தோன்றியது. அதே நூற்றாண்டில் தமிழ்நாட்டின் ஒரு சிற்றூரில் அடிகளார் தம் வழியில் இதே வினாவைச் சிந்தித்துக் கொண்டிருந்தார்.

வடலூரில் மூட்டிய அடுப்பு

தனிமனிதர் ஒருவர் தம் இலையைத் தூய்மை செய்வதால் மட்டும் உலகின் பசி தீர்ந்துவிடாது என்பதை அடிகளார் உணர்ந்திருந்தார். 1866இல் ஒரிசாவையும் சென்னை மாகாணத்தின் சில பகுதிகளையும் கொடும்பஞ்சம் வாட்டியது. அதற்கு அடுத்த ஆண்டு, வடலூர் மக்கள் ஏறத்தாழ எண்பது காணி நிலத்தை அறச்செயலுக்காக அவருக்கு வழங்கினர். 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் அங்குச் சத்திய தருமச்சாலை தொடங்கப்பட்டது. அன்று அவர் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை; அணையா அடுப்பு என்றே மக்கள் அதனை அழைக்கின்றனர். இருபத்தோரடி நீளமுள்ள அவ்வடுப்பில் அடுத்தடுத்துப் பெரிய கொப்பரைகள் ஏறுகின்றன.

தருமச்சாலை தொடங்கிய காலத்தை ஒட்டி அவர் எழுதிய ஜீவகாருண்ய ஒழுக்கம் என்னும் உரைநடை நூல், பசியைப் பற்றித் தமிழில் எழுந்த நுட்பமான ஆராய்ச்சிகளுள் ஒன்று. உயிர்களுக்கு நேரும் துன்பங்களைப் பசி, தாகம், பிணி, இச்சை, எளிமை, பயம், கொலை என வகுத்த அவர், அவற்றுள் பசியையும் கொலையையும் நீக்குவதையே முதன்மையாகக் கொண்டார். பசித்தவனின் கண் மங்குவதையும், காது அடைப்பதையும், நா வறள்வதையும், அறிவு தடுமாறுவதையும் படிப்படியாக விளக்கினார். மன்னரும் வீரரும் ஞானியரும்கூடப் பசியின்முன் நிலைகுலைவர் என்று காட்டினார். மானத்திற்கு அஞ்சி வாய்திறந்து கேட்க முடியாமல் ஊமையைப் போல உள்ளுக்குள் துடிக்கும் மனிதரை அவர் தனியே நினைவுகூர்ந்தார். கொல்லைப்புறமாக வந்து உண்ட சிறுவனின் பட்டறிவு இவ்வரிகளுக்குப் பின்னே இருந்திருக்கலாம்.

முன்வினையால் பட்டினி கிடப்பவனுக்கு உணவளிப்பது இறை ஆணைக்கு மாறாகாதா என்று சிலர் கேட்டனர். குற்றம் செய்து சிறைப்பட்டவனுக்கும் அரசு உணவளிக்கிறதே என்பதை எடுத்துக்காட்டி அவர் அவ்வாதத்தை மறுத்தார். குடும்பத்தாரைப் பட்டினி போட்டுவிட்டு அயலார்க்கு அளிப்பதையும் அவர் ஏற்கவில்லை. அயலார் பசித்திருக்கக் குடும்பத்தை மட்டும் பேணுவதையும் ஏற்கவில்லை. வீட்டுச் செலவைக் கூடியவரை சுருக்கி, எஞ்சியதைப் பசித்தவர்க்குப் பகிர்வதே அவர் காட்டிய வழி.

வரம்பும் வாயிலும்

இங்கேதான் ஒரு கடினமான வினா எழுந்தது. புலாலுண்ணாமையை உயிர்க்கொள்கையாகக் கொண்டவர் நடத்தும் சாலைக்குப் புலாலுண்பவர் பசியோடு வந்தால் உணவு உண்டா, இல்லையா?

அடிகளாரின் கொள்கை இளகியதன்று. 1872ஆம் ஆண்டு சனவரி 25ஆம் நாள், தைப்பூசத்தன்று, வடலூரில் சத்திய ஞானசபையின் முதல் வழிபாடு நடைபெற்றது. கொலையும் புலாலும் தவிர்த்தவர்களே அச்சபையின் உள்ளே புகலாம், ஏனையோர் வெளியே நின்று வழிபட வேண்டும் என்பது அங்குள்ள விதி. புலாலுண்பவரைத் தம் நெறியின் உறவினராக ஏற்க இயலாது என்பதை அவர் வெளிப்படையாகவே அறிவித்தார். ஆயினும் அவர்களுக்கும் பசி நீக்க வேண்டும் என்று அதே உறுதியோடு விதித்தார். உணவு பெற வருபவரின் நாடு, சாதி, சமயம், ஒழுக்கம் ஆகியவற்றை ஆராயலாகாது என்பதே தருமச்சாலையின் நெறி.

ஒரே ஊரில் அவர் அமைத்த இவ்விரு வாயில்களையும் ஒப்பிட்டுக் காண வேண்டும். ஞானசபையின் வாயிலில் உணவொழுக்கம் கேட்கப்படுகிறது. தருமச்சாலையின் வாயிலில் பசி மட்டுமே கேட்கப்படுகிறது. அவருடைய நெறியில் புகுவதா, வேண்டாமா என்பது அவரவர் தேர்வு. பசியோ எவரும் தேர்ந்தெடுத்துக் கொள்வதன்று. ஆதலால் தேர்வுக்குரிய இடத்தில் அவர் வரம்பு வைத்தார்; தேர்வற்ற துன்பத்தின்முன் எந்த வரம்பும் வைக்கவில்லை. ஞானசபைக்கு ஏறத்தாழ ஐந்தாண்டுகள் முன்னதாகவே தருமச்சாலை எழுந்தது என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

தம் வாழ்வின் இறுதி ஆண்டுகளை அடிகளார் வடலூருக்கு அருகிலுள்ள மேட்டுக்குப்பத்தில் கழித்தார். 1874ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் அங்குள்ள சித்திவளாகத்தில் ஓர் அறைக்குள் சென்று தாளிட்டுக்கொண்டார். அதன்பின் அவரை எவரும் காணவில்லை. அவர் ஒளியுடம்பு எய்தினார் என்பது அன்பர்களின் நம்பிக்கை.

இன்றும் எரியும் தீ

அவர் மறைந்த இரண்டாம் ஆண்டில் சென்னை மாகாணம் 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும்பஞ்சத்தில் வீழ்ந்தது. இலட்சக்கணக்கானோர் மடிந்தனர். பசியே முதற்பெருந்துன்பம் என்று அவர் எழுதியது மிகைக்கூற்றன்று என்பதை அப்பஞ்சம் உணர்த்தியது. பிற்காலத்தில் தமிழ்நாட்டு அரசு பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவளிக்கும் பணியைத் தன் கடமையாக ஏற்றது. 1956இல் காமராசர் காலத்து மதிய உணவுத் திட்டமும், 1982இல் தொடங்கிய சத்துணவுத் திட்டமும், 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் அதன் படிநிலைகள். பந்தியில் அமரும் பிள்ளையின் சாதியையோ சமயத்தையோ அத்திட்டங்களும் கேட்பதில்லை. அடிகளார் பிறந்த அக்டோபர் 5ஆம் நாளைத் தனிப்பெருங்கருணை நாளாகத் தமிழ்நாட்டு அரசு கடைப்பிடித்து வருகிறது.

உணவின் பெயரால் மனிதரை உயர்வு, தாழ்வு எனப் பிரிப்பது இன்றும் நின்றபாடில்லை. ஒருவர் உண்பதைக் கொண்டே அவரை இகழ்வதும், வாடகைக்கு வீடு மறுப்பதும், அருகில் அமர மறுப்பதும் நம் ஊர்களில் நிகழ்கின்றன. தம் இலையில் எவரினும் கண்டிப்பாக இருந்த ஒருவர், பிறர் பசியின்முன் எவரினும் கனிவாக இருந்தார் என்பதை அணையா அடுப்பு நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது. வடலூரில் இன்றும் நாள்தோறும் பந்தி நடக்கிறது. வந்தவர் யார் என்று கேளாமலே அங்கு இலை போடுகிறார்கள்.