மாத்திரையைத் தந்தவரும் அவரைப் பீடித்த நோயும்

கருத்தடை மாத்திரையை உருவாக்கியோருள் முதன்மையானவராகக் கருதப்படும் அமெரிக்க விஞ்ஞானி கிரகரி பிங்கஸ், 1967 ஆகஸ்ட் 22ஆம் திகதி பொஸ்டன் நகரில் தமது 64ஆவது வயதில் காலமானார். அவரது உயிரைப் பறித்தது என்புமச்சையைப் பீடிக்கும் அரிய நோயொன்றாகும். குருதிக் கலங்களை உற்பத்தி செய்யும் மச்சை படிப்படியாக நார்த்தன்மை அடைய, அப்பணியை ஏற்க முயலும் மண்ணீரல் வீங்கிப்போவதே இந்நோயின் இயல்பு. மாத்திரையை ஆக்கியவரே இவ்வாறு மாண்டதால், இரண்டுக்கும் தொடர்புண்டோ என்ற ஐயம் எழுவது இயற்கையே. அவரது வாழ்க்கையை நோக்காது இதற்கு விடை காண முடியாதென நாம் கருதுகின்றோம்.

ரஷ்யாவிலிருந்து குடிபெயர்ந்த யூதக் குடும்பமொன்றில், நியூ ஜேர்சி மாநிலத்தின் வூட்பைன் என்னும் ஊரில் 1903இல் பிறந்தவர் பிங்கஸ். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய காலத்தில், முயலின் முட்டையை உடலுக்கு வெளியே கருக்கட்டச் செய்ய அவர் மேற்கொண்ட முயற்சி பத்திரிகைகளில் பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது. பல்கலைக்கழகம் அவருக்கு நிரந்தரப் பதவி வழங்கவில்லை. நண்பர் ஹட்சன் ஹோக்லண்ட் கைகொடுக்க, இருவரும் 1944இல் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் தனியானதோர் ஆய்வு நிறுவனத்தை அமைத்தனர். பின்னர் குடும்பக் கட்டுப்பாட்டு இயக்கத் தலைவி மார்கரெட் சாங்கரின் தூண்டுதலும், செல்வச் சீமாட்டி கத்தரின் மக்கோர்மிக்கின் நிதியும் அவரை ஓமோன் மாத்திரையின்பால் திருப்பின.

1956இல் புவேர்ட்டோ ரிக்கோத் தீவின் வறிய பெண்களிடம் மாத்திரை பரீட்சிக்கப்பட்டது. தாம் ஒரு பரிசோதனைக்கு உட்படுகின்றோம் என்பது அப்பெண்களுக்குத் தெளிவாக எடுத்துரைக்கப்படவில்லை. நூற்றுக்கு 17 பேர் வரையில் குமட்டல், தலைச்சுற்று, தலைவலி என முறையிட்டதை அங்கிருந்த வைத்தியரான எட்ரிஸ் றைஸ்-றே அறிக்கையிட்டார். பிங்கஸோ அவற்றிற் பெரும்பாலானவை மனப்பயத்தின் விளைவென்றே எண்ணினார். அவர்மீது நமக்குள்ள குறை இதுவேயாகும். நோவென்று சொன்னவளின் வார்த்தை அன்று புறந்தள்ளப்பட்டதனாலேயே, மாத்திரையைப் பற்றிய எந்தவொரு வதந்தியும் இன்றுவரை இலகுவில் நம்பப்படுகின்றது.

1960இல் அமெரிக்காவில் கருத்தடைக்கென அங்கீகரிக்கப்பட்ட அம்மாத்திரையில் ஈஸ்திரஜன் 0.15 மில்லிகிராம் இருந்தது. இன்றைய மாத்திரைகளிற் பெரும்பாலானவற்றில் அது 0.035 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை. குருதி உறைவு பற்றிய முறைப்பாடுகள் 1961 முதல் வெளிவந்ததன் பயனே இக்குறைப்பாகும்.

மச்சை நோய்க்கு வருவோம். பிங்கஸ் அம்மாத்திரையை உட்கொண்டு வந்தவரல்லர். ஆய்வுகூடத்தில் நெடுங்காலம் கையாண்ட இரசாயனக் கரைப்பான்களே நோய்க்கு ஏதுவாயின எனச் சிலர் ஐயுற்றனர், அதுவும் நிரூபணமாகவில்லை. பென்சீன் மச்சையைச் சிதைக்கும் என்பது மட்டும் அறியப்பட்ட உண்மை. பெருமளவு ஈஸ்திரஜன் நாயின் மச்சையை அழிக்கவல்லது; பெண்கள் உட்கொள்ளும் அளவில் அத்தகைய அழிவு காணப்படவில்லை. இந்நோயாளருள் ஏறத்தாழ அரைவாசிப் பேரிடம், பிறந்தபின் மச்சைக் கலங்களில் நேரும் மரபணு மாற்றமொன்று உண்டென்பது 2005இலேயே கண்டறியப்பட்டது.

எனினும் தொடர்பு மறுதிசையில் உண்டு. மச்சை அளவுமீறிக் குருதிக் கலங்களை உற்பத்தி செய்யும் நோயுடைய பெண்களுக்குக் குருதி எளிதில் உறையும். ஈஸ்திரஜன் அந்த ஆபத்தை மேலும் கூட்டும். ஆதலின் அத்தகையோருக்கு ஈஸ்திரஜன் கலவாத முறைகளையே வைத்தியர்கள் நாடுகின்றனர்.