ஐயரவர்கள் வினாவிய வினாக்கள்

மகாமகோபாத்தியாயர் டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்களின் பெயரைக் கேளாத தமிழ் மாணவர் இரார். ஏடு தேடி அவர்கள் ஊர் ஊராக அலைந்த வரலாற்றை நாம் பலகாலும் மேடைகளிற் பேசுகின்றோம். அவ்வலைச்சலுக்குக் காரணமாய் அவர்கள் உள்ளத்தில் எழுந்த வினாக்களைப் பற்றிப் பேசுவார் சிலரே. ஒரு வினாவுக்கு விடை கிடையாதவிடத்து, அவ்வினாவையே மாற்றிக் கேட்டுப் பார்த்தல் அவர்களுக்குப் பழக்கமாயிற்று. அப்பழக்கம் அமைந்த வகையையே ஈண்டு எழுதப் புகுந்தேன்.

ஐயரவர்கள் 1855ஆம் ஆண்டு பெப்ருவரி மாதம் 19ஆந் திகதி பிறந்தார்கள். தஞ்சை நாட்டு உத்தமதானபுரம் அவர்களது ஊர். 1871 முதல் 1876 வரை மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளையவர்களிடம் பாடங் கேட்டு, 1880இல் கும்பகோணம் கல்லூரியிலே தமிழாசிரியராய் அமர்ந்தார்கள். அப்பொழுது வயது இருபத்தைந்து. பெரும்புலவரின் மாணவர் என்ற மதிப்பும், கற்ற நூல்களின் பெருந்தொகையும் அவர்களிடம் இருந்தன.

அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்திலே, அரியலூரிலிருந்து மாற்றம் பெற்று வந்திருந்த முன்சீபு சேலம் இராமசுவாமி முதலியாரை ஐயரவர்கள் காணச் சென்றார்கள். என்னென்ன நூல்கள் கற்றீர் என்று முதலியார் வினவினார். அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், கோவைகள், புராணங்கள் என ஐயரவர்கள் அடுக்கிக்கொண்டே போனார்கள். முதலியார் முகத்தில் மலர்ச்சி தோன்றவில்லை. இவற்றாற் பயன் யாது என்று அவர் கேட்டபொழுது ஐயரவர்களுக்குத் திகைப்பே உண்டாயிற்று. பின்னர், இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டுச் சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகியவற்றின் பெயர்களை முதலியார் கூறினார். அவற்றை ஐயரவர்கள் கண்டதுமில்லை. எத்தனை கற்றோம் என்று எண்ணியிருந்தவர்களுக்கு, எதைக் கல்லாது விட்டோம் என்ற எண்ணம் அன்று பிறந்தது. தம் கல்வியைக் குறைத்துரைத்தாரென்று சினங்கொண்டு வீடு திரும்பியிருந்தால் அவர்களைக் குறை கூறுவார் யார்? அவர்கள் முதலியார் கொடுத்த சிந்தாமணிக் கையெழுத்துப் பிரதியைப் பெற்றுக்கொண்டு வந்து படிக்கத் தொடங்கினார்கள்.

படித்தால் விளங்கவில்லை. மூவாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுட்கள். நச்சினார்க்கினியர் உரையோ செய்யுளினும் கடினம். இலக்கணமும் நிகண்டும் கைவந்த புலவருக்குச் சொற்பொருள் ஒருவாறு தெரிந்தும் கருத்துப் பிடிபடவில்லை. (தெரியாத சொல் வந்தவிடத்து, அது பரீட்சைக்கு வாராது என்று மாணவருக்குச் சொல்லி அப்பாற் சென்ற நாள்கள் என் வாழ்விலும் உள.) ஐயரவர்கள் இச்சொல்லுக்குப் பொருள் யாது என்று வினாவுவதை விட்டு, இச்சொல் யாருடைய வழக்கு என்று எண்ணத் தலைப்பட்டார்கள். நூலாசிரியராகிய திருத்தக்கதேவர் சைனர். எனவே சைனரிடமன்றோ கேட்டல் வேண்டும்?

கும்பகோணத்திலேயே சைனர் வாழ்ந்தனர். ஐயரவர்கள் சந்திரநாத செட்டியார் என்பவர் இல்லத்திற்குச் சென்றபொழுது வாயிலிலே தோரணம் கட்டப்பட்டிருந்தது. என்ன விசேடம் என்று கேட்க, பல மாதங்களாகப் படித்து வந்த சிந்தாமணி அன்று நிறைவெய்தியதென்று அறிந்தார்கள். புலவர் பலர் பெயரளவிலும் அறியாதிருந்த நூல் அங்கே ஒரு வீட்டில் விழாவோடு படிக்கப்பட்டு வந்தது! வீடூர் அப்பாசாமி நயினார் முதலிய சைனப் பெரியோரிடம் ஐயரவர்கள் மாணவர்போல் இருந்து ஐயங்களைத் தீர்த்துக்கொண்டார்கள். நச்சினார்க்கினியரும் முதலில் எழுதிய உரையைச் சைனர் ஏற்காமையால், அவர்தம் சமய நூல்களைக் கற்றுத் திரும்பவும் எழுதினார் என்றொரு செய்தி வழங்குகின்றது. அது மெய்யாயின், உரையாசிரியர் நடந்த வழியிலேயே பதிப்பாசிரியரும் நடந்தாராவர்.

நிற்க. நச்சினார்க்கினியர் தம் உரையிலே பல அடிகளை மேற்கோளாகக் காட்டுவர். நூற்பெயரைப் பெரும்பாலும் சொல்லார். மேற்கோளின் பொருளை மாத்திரம் அறிந்துகொண்டு மேலே செல்வோர் பலர். இவ்வடிகள் எந்நூலின்கண் உள்ளன என்பது ஐயரவர்களுக்கு எழுந்த அடுத்த வினா. மேற்கோள்களைத் தனியே குறித்துத் தொகுத்து வைத்துக்கொண்டு தேடினார்கள். திருவாவடுதுறை ஆதீனத்து ஏடுகளிலே சங்க நூல்களைக் கண்டபொழுது, குறித்து வைத்த அடிகள் பல அவற்றினுள் இருத்தல் தெரிந்தது. சிந்தாமணியைத் திருத்தமாகப் பதிப்பிக்கப் புகுந்தவர்களுக்குச் சங்க இலக்கியத்தின் வாயில் இவ்வாறு திறந்தது.

இருபதுக்கு மேற்பட்ட பிரதிகளை ஒப்புநோக்கி 1887இல் சிந்தாமணியை வெளியிட்டார்கள். நம் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டிச் சி. வை. தாமோதரம்பிள்ளையவர்களும் அந்நூலைப் பதிப்பிக்கும் எண்ணமுடையராய் இருந்தவரே. அவர் கலித்தொகையை அச்சிட்டதும் அதே ஆண்டில். பின்னர் ஐயரவர்கள் பத்துப்பாட்டை 1889இலும், சிலப்பதிகாரத்தை 1892இலும், புறநானூற்றை 1894இலும் பதிப்பித்தார்கள்.

இப்பணியிற் காலந்தாழ்த்தல் இயலாதிருந்தது. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலிலே ஏடுகள் உளவென்று கேட்டுச் சென்றபொழுது, சிதைந்த ஏடுகளை நெய்யில் தோய்த்துத் தீயில் இட்டுவிட்டதாக அங்குள்ளார் கூறினர். தீயிட்டவர் தீயவரல்லர், ஆகமம் அவ்வாறு விதித்ததென்று நம்பியவர். அவ்வேடுகளில் எவை இருந்தன என்ற வினாவுக்கு மாத்திரம் இனி யாரும் விடை கூற இயலாது.

மணிமேகலை அவர்களை மிகவும் வருத்திற்று. அந்நூலில் வரும் தத்துவச் சொற்களைப் பற்றிப் புலவர் பலரை வினவியும் தெளிவு பிறக்கவில்லை. கும்பகோணம் கல்லூரிப் பேராசிரியருள் ஒருவராகிய மளூர் ரங்காசாரியார், சில பகுதிகளைக் கேட்டவுடன், இவை பௌத்த சமயத்தன என்றார். அவர் ஆங்கில நூல்களைப் படித்துப் பொருள் கூற, ஆங்கிலப் பயிற்சி மிகுதியும் இல்லாத ஐயரவர்கள் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். மேனாட்டார் நூல்களின் துணையால் ஒரு தமிழ்க் காப்பியம் விளங்கியது வியப்பே. அதனை 1898இல் வெளியிட்டபொழுது புத்தசரித்திரம், பௌத்ததருமம், பௌத்தசங்கம் என்பவற்றையும் எழுதிச் சேர்த்தார்கள். அக்காப்பியத்து மணிபல்லவத்தை நம் நயினாதீவென்பார் பலராதலின், இச்செய்தி நமக்கு அயலானதன்று.

1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றம் பெற்று 1919இல் ஓய்வெய்தினார்கள். தேடல் ஓயவில்லை. பேராசிரியர் குறுந்தொகைக்கு எழுதிய உரை எங்கும் கிடைக்கவில்லை. அது கிடைக்கும்வரை காத்திருப்பதா என்று எண்ணாமல், தாமே உரையெழுதி 1937இல் அந்நூலை வெளியிட்டார்கள். அப்பொழுது வயது எண்பத்திரண்டு.

1940 முதல் தம் வாழ்க்கை வரலாற்றை ஆனந்த விகடனில் வாரந்தோறும் எழுதி வந்தார்கள். 1942ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் 28ஆந் திகதி திருக்கழுக்குன்றத்தில் அவர்கள் மறைய, அவ்வரலாறு முற்றுப்பெறாது இடையிலே நின்றது.