பட்டம் இழந்த பிரபு

ஆங்கிலேயப் பிரபுக்களின் பட்டங்கள் ஐந்து. டியூக், மார்க்விஸ், ஏர்ள், வைக்கவுண்ட், பாரன் என்பன அவை. இவற்றுள் மிகப் பழையது ஏர்ள் பட்டமே. 11ம் நூற்றாண்டில் இங்கிலாந்தை ஆண்ட டேனிய மன்னன் கனூட், பெரும் பிரதேசங்களைத் தன் பெயரால் ஆள அமர்த்திய தலைவர்களே ஏர்ள் எனப்பட்டனர். 1337ல் டியூக் பட்டம் தோன்றும்வரை அரச குடும்பத்தாருக்கு அடுத்த படி இதுவே. ஏர்ள் என்பதற்குப் பெண்பாற் சொல் இல்லாமையால், நோர்மானியர் வழக்கைத் தழுவி அவர் மனைவி கவுண்டெஸ் என்றழைக்கப்படுகிறார்.

ஆனால் மன்னர் அளித்தது அக்காலத்தில் பறிக்கப்படவும் கூடியதாயிருந்தது. 1870ல் இவ்வழக்கம் ஒழிக்கப்படும்வரை, இராசத்துரோகி எனத் தீர்க்கப்பட்டவரின் பட்டமும் நிலமும் அவரோடு ஒழிந்தன, பிள்ளைகளுக்கும் உரிமை இருக்கவில்லை. இதன் கொடுமையை இருமுறை கண்டவர் ஆரண்டெல் ஏர்ள் புனித பிலிப் ஹவார்ட்.

1557ல் இலண்டனில் பிறந்த இவருக்கு ஞானத்தந்தையாக நின்றவர் இஸ்பானிய மன்னர் 2ம் பிலிப். தந்தையோ நோர்போக் டியூக். ஸ்கொத்லாந்து அரசி மேரியை மணக்கச் சூழ்ச்சி செய்தார் என்று 1572ல் அத்தந்தையின் தலை வெட்டப்பட்டது. டியூக் பட்டமும் போயிற்று. 1580ல் தாய்வழிப் பாட்டனார் இறக்கவே, பிலிப் ஆரண்டெல் ஏர்ள் ஆனார்.

அந்நாட்களில் அவரை நீங்கள் கண்டிருந்தால் புனிதர் என்று எண்ணியிருக்க மாட்டீர்கள். எலிசபெத் இராணியின் தயவை நாடி அரண்மனையிலே கிடந்தார், பொருளை வாரியிறைத்தார், இளம் மனைவி ஆன் அம்மையாரை ஏறெடுத்தும் பார்த்தாரில்லை. 1581ல் இலண்டன் கோபுரச் சிறையில், சித்திரவதையால் நலிந்த சேசு சபைக் குரு எட்மண்ட் கம்பியன் தம் விசுவாசத்துக்காக வாதாடியதை நேரிற் கேட்டார். அன்று விழுந்த விதை மெல்ல முளைத்தது. மனைவியிடம் திரும்பினார். அவரைப் போலவே 1584ல் தாமும் கத்தோலிக்க திருச்சபையில் சேர்ந்தார்.

அடுத்த ஆண்டு நாட்டை விட்டுச் செல்லக் கப்பலேறியவர் கடலிலேயே பிடிபட்டுக் கோபுரத்தில் அடைக்கப்பட்டார். 10,000 பவுண் தண்டமும் விதிக்கப்பட்டது. இஸ்பானியக் கடற்படையின் வெற்றிக்காகச் செபித்தார் என்று குற்றஞ்சாட்டி 1589ல் மரணத்தீர்ப்பு அளித்தனர். ஏர்ள் பட்டமும் ஒழிந்தது. தீர்ப்பு நிறைவேற்றப்படவில்லை, எனினும் ஒவ்வொரு விடியலும் இறுதி விடியலாகலாம் என்ற நிலையில் ஆறு ஆண்டுகள் கழிந்தன.

அவர் சிறை சென்றபின் பிறந்தவன் மகன் தோமஸ். 1595ல் நோயுற்றுச் சாகக் கிடந்தபோது, மனைவியையும் அந்தப் பிள்ளையையும் ஒருமுறை காண வேண்டினார். புரட்டஸ்தாந்து ஆராதனைக்கு ஒருமுறை வந்தாற் போதும். குடும்பத்தோடு பட்டமும் சொத்தும் மீண்டும் கிடைக்கும் என்று இராணியிடமிருந்து பதில் வந்தது. வாசகரே, பத்து வயதுப் பிள்ளையின் முகத்தைக் காணாத தகப்பனுக்கு இது எத்தகைய சோதனை! பிலிப் மறுத்தார். ஒக்டோபர் 19ந் திகதி, 38ம் வயதில், மகனைக் காணாமலே உயிர் நீத்தார்.

போன பட்டங்கள் பின்னர் திரும்பின. 1604ல் தோமஸ் ஆரண்டெல் ஏர்ள் ஆனார். 1660ல் பிலிப்பின் கொள்ளுப்பேரனுக்கு டியூக் பட்டமும் மீண்டது. பிலிப்பை 1970ல் பாப்பரசர் 6ம் சின்னப்பர் புனிதராக உயர்த்தினார். ஆரண்டெல் பேராலயத்தில் இன்று அவர் திருப்பண்டங்களுக்கு முன் முழந்தாளிடுவோர், ஏர்ள் ஒருவரைத் தேடி அங்கே செல்வதில்லை. மனைவி மக்களிலும் மேலாகத் தம் மனச்சாட்சியைக் காத்த மனிதரையே தேடிச் செல்கின்றனர்.