பிமல் குமார் பச்சாவத்

பிமல் குமார் பச்சாவத் (ஆகஸ்ட் 16, 1925 – செப்டம்பர் 23, 1996) இந்திய உயிர்வேதியியல் அறிஞர் ஆவார். மூளையிலுள்ள கொழுமியங்கள் உடலில் எவ்வாறு உருவாகின்றன, எவ்வாறு சிதைகின்றன என்பதை ஆராய்ந்தவர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நரம்பு வேதியியல் ஆய்வகத்தை நிறுவியவர். மரபுவழி வரும் அரிய மூளை நோய் ஒன்றில் குறைபடும் நொதியை அடையாளம் காண்பதில் இவ்வாய்வகத்துக்கு முதன்மையான பங்குண்டு.

இளமையும் கல்வியும்

பச்சாவத் கொல்கத்தாவில் பிறந்தார். அங்குக் கல்வி பயின்றபின் அமெரிக்கா சென்று இல்லினாய் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் மைனர் கூன் என்னும் உயிர்வேதியியலாளருடன் இணைந்து, லூசின் என்ற அமினோ அமிலம் உடலில் எவ்வாறு சிதைகிறது என்பதை ஆராய்ந்தார். இவ்வாய்வில் ஐதராக்சி-மெத்தில்-குளூட்டாரில் கோஎன்சைம்-ஏ என்னும் இடைநிலைச் சேர்மமும் அதனைப் பிளக்கும் நொதியும் வெளிப்பட்டன. அந்நொதி பற்றிய விரிவான கட்டுரை 1955-இல் வெளியானது.

அச்சேர்மம் ஒரு முச்சந்தி போன்றது. ஒரு வழியில் அது கீட்டோன் பொருள்களைத் தருகிறது. உணவில்லாத நேரத்தில் மூளைக்கு எரிபொருளாவது இவையே. மற்றொரு வழியில் கொலஸ்டிரால் உருவாகிறது. இன்று பெருமளவில் வழங்கப்படும் ஸ்டாட்டின் மருந்துகள் இந்த இரண்டாம் வழியையே தடுக்கின்றன. முதல் வழியிலுள்ள நொதி பிறவியிலேயே குறைபட்ட குழந்தைகள் இருப்பது 1976-இல் தெரியவந்தது. இக்குழந்தைகள் சில மணி நேரம் உணவின்றி இருந்தாலே சர்க்கரை அளவு வீழ்ந்து மயக்கமுறுவர். ஆய்வுக்கூடத்தில் அறிவு வேட்கையால் மட்டுமே தேடப்பட்ட ஒரு நொதி, இருபது ஆண்டுகளுக்குப்பின் ஒரு நோயின் விளக்கமாயிற்று.

வேலூர்ப் பணி

1950களின் பிற்பகுதியில் பச்சாவத் வேலூருக்கு வந்தார். ஜேக்கப் சாண்டி 1949-இல் அங்கு நாட்டின் முதல் நரம்பு அறுவை மருத்துவத் துறையைத் தொடங்கியிருந்தார். ஆகவே நரம்பு நோயாளிகளும் அவர்களைப் பார்க்கும் மருத்துவர்களும் வேதியியலாளருக்கு அருகிலேயே இருந்தனர். இந்தியாவில் அக்காலத்தில் இத்தகைய அமைப்பு அரிது. கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டிருந்ததால் மாணவர்கள் இங்கிருந்தே முனைவர் பட்ட ஆய்வு செய்ய முடிந்தது.

ஆட்டு மூளையும் மனித மூளையும் ஆய்வுப் பொருள்களாயின. மாணவர்கள் ஒவ்வொரு நொதியாகப் பிரித்துத் தூய்மைப்படுத்தி அதன் செயற்பாட்டை அளந்தனர். ஏ. எஸ். பாலசுப்பிரமணியனும் பச்சாவத்தும் சல்ஃபேட் கூறு மூளைக் கொழுமியத்துடன் சேரும் வழியை ஆராய்ந்தனர். அவ்வாறு உருவாகும் சல்ஃபடைடு என்னும் கொழுமியம், நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறையின் முக்கியக் கூறுகளில் ஒன்று. இது வெளிப்பார்வைக்குச் சலிப்பூட்டும் வேலை. ஆனால் நலமான மூளையில் ஒரு நொதி எவ்வளவு இருக்கும் என்ற அளவு கையில் இல்லாவிடில், நோயுற்ற மூளையில் அது குறைந்துள்ளது என்று யாராலும் சொல்ல இயலாது.

மெட்டாகுரோமேட்டிக் லுகோடிஸ்ட்ரோபி

இந்நோயின் மிகுதியாகக் காணப்படும் வகையில், ஓராண்டு நிறைந்து நடக்கத் தொடங்கிய குழந்தை இரண்டு வயதையொட்டித் தடுமாறத் தொடங்கும். பிறகு நடை, பேச்சு, விழுங்கும் ஆற்றல் ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாக இழந்து சில ஆண்டுகளில் இறக்க நேரிடும். மூளைத் திசுவில் சில சாயங்களை ஏற்றினால் அவை தம் இயல்பான நிறத்தை விட்டு வேறு நிறம் காட்டும். நோயின் பெயர் அதனாலேயே வந்தது. அவ்வாறு நிறம் மாற்றுவது திசுவில் குவிந்துள்ள சல்ஃபடைடே என்பது 1950களின் இறுதியில் தெளிவாயிற்று. அது ஏன் குவிகிறது என்பதற்கு விடை இல்லை. மிகுதியாக உருவாகிறதா, சிதையாமல் தேங்குகிறதா என்பதே கேள்வி.

அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜேம்ஸ் ஆஸ்டினும் வேலூர்க் குழுவினரும் இக்கேள்வியை நேரடியாக அணுகினர். கிளைக்கோகொழுமிய வளர்சிதைமாற்றம் பழுதுற்ற மூன்று மனித நோய்களில் பல நொதிகளின் செயற்பாட்டை அளந்து, நோயற்றவர் திசுக்களோடு ஒப்பிட்டனர். கட்டுரை 1963-இல் வெளிவந்தது. ஆசிரியர் அறுவரில் ஆஸ்டினைத் தவிர ஏனையோர் பச்சாவத்தும் அவருடைய ஆய்வகத்தினரும் ஆவர். மெட்டாகுரோமேட்டிக் லுகோடிஸ்ட்ரோபியில் சல்ஃபேட்டேஸ் நொதியின் செயற்பாடு குறைந்திருப்பது தெரிந்தது. அடுத்த ஈராண்டுகளில் அது அரைல்சல்ஃபேட்டேஸ்-ஏ என உறுதிப்பட்டது. சல்ஃபடைடைச் சிதைக்கும் செயலே குறைபட்டுள்ளதை 1965-இல் ஜெர்மனியில் மெல், யாட்ஸ்கெவிட்ஸ் ஆகியோர் காட்டினர். ஆகவே விடை தேக்கமே. தசைகளில் கிளைக்கோஜன் தேங்கும் பாம்பே நோய்க்கு லைசோசோம் நொதிக் குறைபாடே காரணம் என்று பெல்ஜியத்தில் எர்ஸ் கண்டறிந்ததும் 1963-இல்தான்.

நொதி இன்னதென்று தெரிந்தபின் 1960களின் இறுதியிலேயே இரத்த வெள்ளையணுக்களில் அதை அளந்து நோயை அறியும் முறை வந்தது. மூளைத் திசுவுக்காகக் காத்திருக்க வேண்டிய தேவை நீங்கியது. எனினும் அளவை மட்டும் கொண்டு முடிவு செய்தல் கூடாது. இந்நொதி குறைவாக இருந்தும் முழு நலத்துடன் வாழ்வோர் உள்ளனர். சிறுநீரில் சல்ஃபடைடு வெளியேறுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதுற்ற மரபணு வந்தால் மட்டுமே இந்நோய் தோன்றும். அத்தகைய பெற்றோருக்கு ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. கொங்கு நாடு உள்ளிட்ட தமிழகப் பகுதிகளில் மாமன் மகள், அத்தை மகன் உறவில் மணம் செய்வது நெடுங்கால வழக்கம். இவ்வுறவினர் தம் மரபணுக்களில் சராசரியாக எட்டில் ஒரு பங்கைப் பொதுவாகக் கொண்டவர்கள் என்பதால், இத்தகைய நோய்கள் வெளிப்படும் வாய்ப்பு கூடுகிறது. முதல் குழந்தையை இழந்த குடும்பத்துக்கு அடுத்த கருவைப் பற்றி ஏதேனும் சொல்ல முடிவது நொதியை அளக்க முடிவதால்தான்.

நோய்க்குப் பச்சாவத் காலத்தில் மருந்து கிடைக்கவில்லை. குருதிக் குருத்தணுக்களில் சரியான மரபணுவைச் செலுத்தித் திரும்ப ஏற்றும் சிகிச்சைக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2020-இலும் அமெரிக்கா 2024-இலும் ஒப்புதல் அளித்தன. அறிகுறிகள் தோன்றுமுன் அல்லது மிகத் தொடக்கத்தில் அளித்தால்தான் பயன் தரும். அமெரிக்காவில் இதற்கு அறிவிக்கப்பட்ட விலை 42.5 இலட்சம் டாலர்.

பிற ஆய்வுகள்

வாளவரை இனத்துப் பயற்றிலிருந்து கிடைக்கும் கன்கனாவலின்-ஏ என்ற புரதம் சர்க்கரைக் கூறுகளைப் பற்றிக்கொள்ளும். மூளை அரைல்சல்ஃபேட்டேஸ்-ஏ இப்புரதத்துடன் ஒட்டுவதைக் கொண்டு, அந்நொதியை நிலைநிறுத்தும் முறையை இவரது குழு 1973-இல் வெளியிட்டது. ஆமணக்கு விதையிலுள்ள லெக்டின், கொழுமியக் குமிழிகளான லிப்போசோம்களுடன் வினைபுரிவதை அவதேச சுரோலியா, எஸ். கே. பொத்தார் ஆகியோருடன் சேர்ந்து 1975-இல் நேச்சர் இதழில் எழுதினார்.

கொல்கத்தாவும் தில்லியும்

1970களின் பிற்பகுதியில் கொல்கத்தாவிலுள்ள இந்தியச் சோதனை மருத்துவ நிறுவனத்தின் இயக்குநரானார். இது பின்னர் இந்திய வேதி உயிரியல் நிறுவனம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. அதன்பின் தில்லிப் பல்கலைக்கழகத் தெற்கு வளாகத்தில் பணியாற்றினார். வேலூரில் கொழுமியங்களைப் பற்றிச் சேர்த்த அறிவு இங்கு மருந்தாக உருவெடுத்தது. பூஞ்சை நோய்க்கான ஆம்போடெரிசின்-பி வலிமையான மருந்தெனினும் சிறுநீரகத்தைக் கெடுப்பது. அதனை லிப்போசோமில் பொதிந்து நச்சுத்தன்மையைக் குறைக்கும் முறையை இவரது குழு வகுத்தது. மும்பை மருத்துவர்களின் ஆய்வுக்குப்பின் அது ஃபங்கிசோம் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

விருதுகள்

மருத்துவ அறிவியலுக்கான சாந்தி சுவரூப் பட்நாகர் பரிசை 1962-இலும் பத்ம பூசண் விருதை 1990-இலும் பெற்றார். 1996 செப்டம்பர் 23 அன்று காலமானார். வேலூரில் இவரிடம் பயின்ற பாலசுப்பிரமணியன் அதே ஆய்வகத்தில் லைசோசோம் நொதிகள் பற்றிய ஆய்வைத் தொடர்ந்தார்.