நாவலரின் பிடியரிசி

2022இல் மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டால் மன்னார்க் கரையில் படகுகள் முடங்கியபோது, இந்து, முஸ்லிம், கத்தோலிக்கர் என்ற பேதமின்றி இல்லங்களில் உலையரிசி சுருங்கிற்று. இத்தகைய நெருக்கடிகளில் கொடுப்பது எங்ஙனம் என்பதற்கு நல்லூர் ஆறுமுக நாவலரின் வாழ்வு நினைவுகூரத்தக்கது.

1822இல் பிறந்த அவர், 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பெருநிதி இல்லை. சமைக்குமுன் ஒரு பிடி அரிசியை இல்லங்கள் எடுத்துவைத்தன. வீடுதோறும் திரட்டிய அவ்வரிசியே பள்ளியைத் தாங்கிற்று. ஏழை வீடும் தர இயன்ற கொடை அது. 1870களின் பிற்பகுதியில் பஞ்சம் வாட்டியபோது, யாழ்ப்பாணத்தில் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினார். சாதி குறித்த அவரது கொள்கை ஏற்கத்தக்கதன்று. பிடியரிசிக்கோ சாதியுமில்லை, சமயமுமில்லை.

போர்த்துக்கேயர் அழித்த மாதோட்டத்துத் திருக்கேதீச்சரத்தை மீட்குமாறு 1872இல் வேண்டினார். அது நிறைவேறக் காணாமலே 1879இல் மறைந்தார். சைவர்கள் அந்நிலத்தை வாங்கியது 1893இல்தான்.