முடியைச் சிறையில் பூட்டிய காடவன்

உரோமாபுரியிலே கி.பி. 193-இல் ஒரு கூத்து நடந்தது. அரண்மனைக் காவற்படை மன்னன் பெர்டினாக்சைக் கொன்றது. கொன்ற கையோடு அரியணையை ஏலம் போட்டது! வீரன் ஒருவனுக்கு 25,000 நாணயம் தருவதாகச் சொன்ன டிடியஸ் ஜூலியானஸ் முடிசூடினான். ஆண்டதோ 66 நாள். தன்யூபுக் கரைப் பட்டாளம் வேறொருவனை மன்னனாக்கிக் கிளம்பிவிட்டது, இவன் தலை உருண்டது.

எங்கோ நடந்த கதைதானே என்கிறீர்களா, தோழர்களே? நம் கம்மாபுரத்துக்கு வடக்கே, கெடிலக் கரைச் சேந்தமங்கலத்துக்கு வாருங்கள். கோப்பெருஞ்சிங்கன் கோட்டை கட்டிய ஊர் அது.

காடவர் குலத்தான் அவன். பல்லவர் வழி என்று பெருமை பேசிய குலம். ஆயினும் சோழனுக்குப் படை நடத்திக் காவல் காத்துப் பிழைத்த குலம். சோழப் பேரரசு தளர்ந்தபோது வாள் இத்தகைய சிற்றரசர் கையிலே இருந்தது, முடி மட்டுமே சோழன் தலையில் இருந்தது. அந்த முடியும் ஒருமுறை பறிபோய், பாண்டியன் மனமிரங்கி மூன்றாம் குலோத்துங்கனுக்குத் திருப்பித் தந்ததுதான்!

அடுத்து வந்தவன் மூன்றாம் இராசராசன். 1231-ஆம் ஆண்டையொட்டி, வந்தவாசிப் பக்கத்துத் தெள்ளாற்றில் கோப்பெருஞ்சிங்கன் அவனை முறியடித்து, அமைச்சர்களோடு சேந்தமங்கலத்திலே சிறை வைத்தான். சேவகன் வெளியே, சக்கரவர்த்தி உள்ளே!

மீட்க வந்தது யார்? சோழநாட்டு மக்களா? இல்லை. துவாரசமுத்திரத்துப் போசளன் நரசிம்மன் அனுப்பிய தண்டநாயகர்கள் அப்பண்ணனும் சமுத்திர கோப்பய்யனும். வரும் வழியெல்லாம் ஊர்களைக் கொளுத்தினர், மரங்களை வெட்டினர், பெண்களைப் பிடித்தனர். பகைவன் கட்டிவிட்ட பழியன்று இது. திருவந்திபுரம் கோயிற் சுவரிலே வெற்றிச் செய்தியாக வெட்டப்பட்டிருக்கிறது. முடி யாருக்கு என்ற வழக்கில் எரிந்தது உழவன் குடிசை. சேந்தமங்கலத்தை நெருங்கியதும் காடவன் சோழனை விடுவித்தான். நரசிம்மனுக்குச் சோழ அரசை நிலைநாட்டியவன் என்ற பட்டம் கிடைத்தது.

காடவன் அடங்கினானா? 1243 முதல் தன் பெயரிலேயே ஆட்சியாண்டு எண்ணினான். சகலபுவனச் சக்கரவர்த்தி என்றான். (தந்தை, மகன் என இருவரைப் பிரித்துக் காண்கிற அறிஞரும் உண்டு.) 1262-இல் கோதாவரிக் கரைத் திராட்சாராமம் வரை அவன் கல்வெட்டு போயிற்று. தில்லையின் கிழக்குக் கோபுரம் அவன் பெயர் சொல்கிறது. புலவரும் பாராட்டுவர், நாமும் அண்ணாந்து பார்க்கலாம். ஆனால் கொள்ளைப் பொருள் கல்லாகி நிற்பதை மறந்துவிட்டுப் பார்க்க வேண்டியதில்லை.

பிறகு சடாவர்மன் சுந்தர பாண்டியன் பெரும்படையோடு வந்து சேந்தமங்கலத்தைப் பிடித்தான். பிடித்ததை அவனிடமே திருப்பித் தந்தான். சோழனுக்கு நேர்ந்த அதே பிச்சை! 1279-ஓடு காடவன் கல்வெட்டுகள் நின்றுபோகின்றன. சோழர் ஆட்சி முடிந்ததும் அதே ஆண்டையொட்டித்தான்.